இடது கண்ணைப் பாருங்க

களியக்காவிளை சந்தையில்
மீன்பெட்டி ஐஸ் உருகி ரோட்டில் ஓடும் நேரத்தில்
கடையின் ஷட்டரைத் தூக்குவேன்.
கொஞ்சம் வடக்கே நடந்தால்
பஸ்ஸின் நிறம் மாறும்,
போர்டில் எழுத்து இன்னும் கொஞ்சம் உருண்டுவிடும்.

மூக்கின் மேல் அளவுகோலைப் படுக்கவைத்து
ஒரு கருமணிக்கும் மறு கருமணிக்கும்
எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பது என் வேலை.
வலது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
"என் இடது கண்ணைப் பாருங்க. அசையக் கூடாது."

தினமும் இருபது பேரிடம் இதைச் சொல்கிற நான்தான்
பால்காரரிடம் பேசும்போது கேன் மூடியைப் பார்க்கிறேன்,
நாத்தனாரிடம் பேசும்போது அவள் செயினின் கொக்கியை,
ஃபாதரிடம் என்றால் அங்கியின் மூன்றாவது பொத்தானை.

எட்டாம் வகுப்பில், டியூஷன் போகிற வழியில்
"என்னட்டி, ஆம்பிளயள முழிச்சு முழிச்சுப் பாக்க?" என்றார்கள்.
குனிந்தேன்.
இருபத்து மூன்றில், மார்த்தாண்டத்து ஜவுளிக்கடை இன்டர்வியூவில்
"முகங்கொடுத்துப் பேசத் தெரியாதா?" என்றார்கள்.
நிமிரப் பார்த்தேன்.
கழுத்துக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கண்ணைப் பார்த்துப் பேசாத ஆள் கள்ளன் என்பார் முதலாளி ஞானசிகாமணி.
என் கண்ணை நேராகப் பார்த்துத்தான்
சம்பளத்தில் முந்நூறைக் குறைத்துச் சொன்னார்.

நடப்பது இதுதான்.
ஒருவர் கண்ணைப் பார்த்துவிட்டால்
அவர் சொல்வது எனக்குக் கேட்காது.
எங்கள் வீட்டு ரேடியோவில்
திருநெல்வேலி மேல் திருவனந்தபுரம் ஏறிக்கொள்ளுமே, அப்படி.
இரண்டில் ஒன்றை அணைக்க வேண்டும்.
நடுவே அளவுகோல் இருந்தால் மட்டும் பயமில்லை.
அப்போது அது கண் இல்லை, எண்.

போன செவ்வாய்க்கிழமை வந்தார் விஸ்வம்பரன்.
இஞ்சிவிளைக்கு அப்பால் லாட்டரி விற்கிறவர்.
விற்கிற நம்பரே தெரியவில்லையாம்.
அறுபத்தாறு என்று குறித்துவிட்டு
ஃப்ரேம் தேடிக்கொண்டிருந்தேன்.
அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த என்னிடம் சொன்னார்:

"பன்னண்டு வருஷமா ஆளுகளுக்க கண்ணைத்தான் பாக்கேன், மோளே.
ஒருத்தனும் பாக்கமாட்டான்.
பாத்துப்போனா ஒரு டிக்கெட் எடுக்கணும் அல்லே?
போனைப் பாப்பான், செருப்பப் பாப்பான்,
மழையே இல்லாத வானத்தப் பாப்பான்."

சிரித்துவிட்டேன். சிரிப்போடு அதுவும் வெளியே வந்துவிட்டது:
"எனக்கும் முடியாது. பேசும்போது பாக்க முடியாது."

"அதினென்ன," என்றார்,
"எங்க பாத்துப் பேசினா மோளுக்கு சௌகரியம்?"

ஜன்னலோர சீட் வேணுமா என்பதுபோல்
சாதாரணமாய்க் கேட்டார்.
இருபத்தொன்பது வயதில் முதல்முறை கேட்கப்பட்டதால்
யோசிக்க நேரம் எடுத்தது.
"மேசை," என்றேன்.

இரண்டு திருகு, ஒரு மஞ்சள் துணி,
காய்ந்துபோன டீ வட்டம்.
இவற்றைப் பார்த்தபடி அரை மணி பேசினோம்.
மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற மகள்
வீடியோ காலில் போனை ஃபேன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான்
அழுவாளாம்.
"நானும் ஃபேனைப் பாத்துட்டு இருப்பேன்.
அங்க ஃபேன் நல்ல வெள்ளை."

சனிக்கிழமை கண்ணாடியைக் காதில் மாட்டிவிட்டதும்
சட்டென்று நேராகப் பார்த்துவிட்டார்.
"மோளுக்க இமையில ஒரு மறு உண்டு!"
உடனே மேசைக்கு இறங்கினார். "ஸாரி."
"பரவால்ல," என்றேன், டீ வட்டத்திடம்.

பிறகு என்ன தோன்றியதோ,
அளவுகோலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.
என் அளவை யாரும் எடுத்ததில்லை.
தனியாக எடுக்கவும் முடியாது.

தலைகீழாய்ப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன்.
ஒரு கண்ணை மட்டும் மூட வராமல்
இரண்டையும் மூடித் திறந்தார், மூன்று தடவை.
"இடது கண்ணைப் பாக்கணும். அசையக் கூடாது, கேட்டியா."

அசையவில்லை.
வெளியே பாறசாலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
அதுவும் கேட்டது.

"ஐம்பத்தெட்டு," என்றார். "இல்ல, ஒம்பது."
ரசீதின் பின்பக்கம்
இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.